மூலைக் கொத்தளத்துப் பீரங்கி

ரஞ்சன்குடியிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருந்தார்: “செஸ்ஸில் ‘இந்தியன் டிஃபென்ஸ்’ என்கிறார்களே, அதில் இந்தியா எங்கே இருக்கிறது?”

பதிலில் பாதி அவர் ஊர்க் கோட்டையிலேயே இருக்கிறது. வெளியை எதிரிக்கு விட்டுவிட்டு, அகழிக்குப் பின்னால் மூலைக் கொத்தளத்தில் பீரங்கியோடு காத்திருப்பதுதானே கோட்டையின் தந்திரம்? இந்த டிஃபென்ஸின் பல வகைகளிலும் அப்படித்தான்: கறுப்புக்காரர் சிப்பாயை ஜி6க்கு ஒரே ஒரு கட்டம் தள்ளி, பின்னாலேயே ஜி7இல் பிஷப்பை உட்கார்த்துகிறார். அங்கிருந்து அது பலகையின் குறுக்கே எதிர்மூலை வரை குறிபார்க்கும்.

மீதிப் பாதி திண்ணையில். நம் பழைய ஆட்டத்தில் சிப்பாய்க்கு இரண்டு கட்டத் தாவல் கிடையாது. நான் சிறுவயதில் அப்படித் தாவியபோது, “அவனுக்கென்ன குதிரைக் காலா?” என்று தாத்தா காயைத் திருப்பி வைத்துவிட்டார். அந்த நிதானத்தில் பழகியவர்தான் வங்காளத்து மகேஷ் சந்திர பானர்ஜி. 1855இல் கல்கத்தாவில் ஸ்காட்லாந்துக்கார வழக்கறிஞர் ஜான் காக்ரேனுடன் ஆடியபோது, ஜி6க்கு அடுத்த நகர்விலேயே டி5இல் சிப்பாயை நிறுத்தி மையத்தை வம்புக்கிழுத்தார். ஆட்டத்தில் தோற்றார், பெயரிலும் தோற்றார். 1922இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் அதையே ஆட, அது ‘குரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ்’ ஆகிவிட்டது. இன்று பயிற்சி வகுப்புகளில் பிள்ளைகள் அதைப் பதினைந்து நகர்வு வரை ஒப்பிக்கிறார்கள். மகேஷ் யாரென்று கேட்டால் விழிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டத்தில் டிங் லிரென் வெள்ளைக் காய்களோடு அமைத்ததும் குரூன்ஃபெல்ட்தான், பக்கம் மாறியது. அவருடைய ஜி2 பிஷப் கடைசியில் ஏ8 மூலைக்கே போய்ச் சேர்ந்தது. 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2க்கு இழுத்தார். எதிரே ஆடிய குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டு, தன் பிஷப்பை டி5இல், அதே கோட்டில், கொண்டுவந்து நிறுத்தினார். பி7, சி6 எங்கே நகர்ந்தாலும் டிங்கின் பிஷப்புக்கு அந்தக் கோட்டை விட்டு வழியில்லை. வெட்டுக்கு வெட்டு. எஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். பதினெட்டு வயதுச் சென்னைப் பையன் உலக சாம்பியன்.

தம்பி, மகேஷின் அந்த ஆட்டம் அழியாமல் அச்சில் இருக்கிறது. தேடி எடுத்துப் பலகையில் ஆடிப்பாருங்கள். மூன்றாவது நகர்வில் கொஞ்சம் நில்லுங்கள்.