பியானோ தேர்வு: பீஸ் தேர்ந்தெடுப்பதும் பழகுவதும்



எஸ்பிஎம் தேர்வும் பியானோ கிரேடும் ஒரே ஆண்டில் வந்து நிற்கிற மாணவர்கள் நம் வகுப்புகளில் உண்டு. நெருக்கடி வந்ததும் அவர்கள் முதலில் கைவிடுவது பியானோவைத்தான். ஏழெட்டு வருடம் கட்டணம் கட்டி, சனிக்கிழமைகளை எல்லாம் கொடுத்துப் படித்தது அங்கேயே நின்றுவிடுகிறது. கேட்டால் "நேரமில்லை டீச்சர்" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் வேறு கதை வரும். கைக்குப் பொருந்தாத ஒரு பீஸோடு நாலு மாதம் மல்லுக்கட்டி அலுத்துப் போயிருப்பார்கள். நான் தமிழாசிரியைதான், ஆனால் பியானோ சிறு வயதுப் பழக்கம். மாணவர்கள் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் பலரும் எடுப்பது ஏபிஆர்எஸ்எம் தேர்வு. அதன் செய்முறைத் தேர்வுக்கு மொத்தம் 150 புள்ளி. ஏ, பி, சி என மூன்று பட்டியல்களிலிருந்து ஒவ்வொரு பீஸ். ஒவ்வொன்றுக்கும் 30 புள்ளி. ஸ்கேலுக்கு 21, சைட் ரீடிங்குக்கு 21, செவித்தேர்வுக்கு 18. தேர்ச்சி பெற 100 வேண்டும், மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. ஆக, 90 புள்ளி பீஸ்களில்தான் இருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பட்டியலில் உள்ள எல்லாப் பீஸுக்கும் அதே 30 புள்ளிதான். கடினமானதை எடுத்தால் கூடுதல் புள்ளி கிடையாது. மனப்பாடமாக வாசித்தாலும் கிடையாது. தேர்வாளர் பார்ப்பது ஐந்து விஷயம்: சுரம் சரியா, காலம் சீரா, ஒலியின் தரம் எப்படி, சொற்றொடர்கள் வடிவம் பெறுகின்றனவா, மொத்த வாசிப்பில் உயிர் இருக்கிறதா. நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறி நிற்கும் ஆர்ப்பாட்டமான பீஸைவிட, அடக்கமான பீஸை அழகாக வாசிப்பவருக்கே புள்ளி அதிகம். பெற்றோர்தான் சில வேளை "பெரிய பேரா எடுடா" என்பார்கள். பாக்கின் மனைவி அன்னா மக்டலேனாவின் 1725ஆம் ஆண்டு இசைக் குறிப்பேட்டில் உள்ள ஜி மேஜர் மினுவெட்டை உலகமே பாக் எழுதியது என்று நெடுங்காலம் வாசித்தது. உண்மையில் எழுதியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட். விரல்களுக்கு அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை!

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில், தேர்வு நூலில் உள்ள பீஸ்களோடு நின்றுவிடாதீர்கள். பாடத்திட்டத்தில் அதற்கு மேலும் நிறைய உண்டு. பல ஆசிரியர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. இப்போதைய பாடத்திட்டத்தில் ஏ பட்டியல் விரல் வேகத்தையும், பி பட்டியல் பாடுவது போன்ற வாசிப்பையும் எதிர்பார்க்கிறது. சி பட்டியல் பலவகைப் பாணி. எல்லாவற்றையும் ஒருமுறை கேளுங்கள். பிடித்த இரண்டு மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் மிகக் கடினமான எட்டு பாரை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள். வார முடிவில் பாதி வேகத்திலாவது நிற்காமல் வருகிறதா? வந்தால் எடுக்கலாம். வராவிட்டால் எவ்வளவு பிடித்திருந்தாலும் தேர்வு முடியட்டும் என்று ஒதுக்கி வையுங்கள்.

ஏன் கடினமான இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஆரம்பம் ஏமாற்றும். புர்க்முல்லரின் ஓபஸ் 100 தொகுப்பில் வரும் 'அரபெஸ்க்' பலருக்கும் தெரியும். தொடக்கத்தில் வேகமான சுரங்களை வலது கை ஓட்டிவிடும். நடுப்பகுதியில் அதே ஓட்டம் இடது கைக்கு மாறும்போதுதான் மாணவர் திணறுவார். சூமன் 1848இல் எழுதிய 'இளையோர் ஆல்பம்' தொகுப்பின் 'மகிழ்ச்சியான உழவர்' இன்னொரு வகை. அதில் மெட்டு இடது கையில். வலது கை மெல்லத் துணை போக வேண்டும். வலது கையை அடக்கத் தெரியாதவர் வாசித்தால் மெட்டே கேட்காது. (இவை உங்கள் ஆண்டுப் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பலருக்கும் தெரிந்தவை என்பதால்தான் சொல்கிறேன்.)

இனிப் பயிற்சி. மனப்பாடச் செய்யுளின் மூன்றாம் வரியைக் கேட்டால், முதல் வரியிலிருந்து ஆரம்பித்தால்தான் சொல்ல முடியும் என்கிற மாணவரை நமக்குத் தெரியும். பியானோவிலும் அதேதான். தினமும் முதல் பாரிலிருந்தே தொடங்குபவருக்கு முதல் பக்கம் பளபளக்கும், கடைசிப் பக்கம் கரடுமுரடாக இருக்கும். பீஸை ஐந்தாறு பகுதியாகப் பென்சிலால் பிரித்து, கடைசிப் பகுதியிலிருந்து பழகிக்கொண்டே முன்னால் வாருங்கள். எந்தப் பகுதியைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்க வர வேண்டும். தேர்வறையில் தடுமாறினாலும் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம்.

சொனாட்டினா எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிளெமென்டியின் ஓபஸ் 36, முதல் சொனாட்டினாவை எடுத்துக்கொள்வோம். முதல் அங்கத்தில், தொடங்கிய மெட்டு பின்னால் மறுபடி வரும், ஓர் எண்சுரம் கீழே. முதல் முறை இசை ஜி மேஜருக்குப் போகும். இரண்டாம் முறை சி மேஜரிலேயே தங்கிவிடும். இரண்டும் ஒன்று போலவே இருப்பதால், பதற்றத்தில் கை பழைய பாதையில் போய்விடும். அந்த இரண்டு இடத்தையும் அடுத்தடுத்து வாசித்து, எந்த சுரத்தில் பிரிகிறது என்று வட்டம் போட்டு வையுங்கள்.

வேகத்தைப் பற்றி: கர்நாடக இசை படித்த பிள்ளைகளுக்கு முதல் காலம், இரண்டாம் காலம் என்றால் உடனே புரியும். ஆனால் இங்கே சட்டென்று இரட்டிப்பாக்க வேண்டாம். மெட்ரோனோமை 60இல் வைத்து மூன்று முறை பிசகில்லாமல் வந்தால் 64, பிறகு 68. பிசகினால் ஒரு படி இறங்குங்கள். எஸ்பிஎம் ஆண்டில் இருப்பவருக்கு நாளைக்கு 30 நிமிடம் போதும், இப்படிப் பழகினால்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தை நினைத்து டிஜிட்டல் பியானோவில் ஹெட்போன் போட்டுப் பழகுகிறார்கள். தவறில்லை. ஆனால் தேர்வறையில் பெரும்பாலும் அசல் பியானோதான் இருக்கும். கட்டைகள் கனமாகவும் பெடல் வேறு மாதிரியும் தெரியலாம். கடைசி மாதத்தில் நாலைந்து முறையாவது அசலில் வாசித்துவிடுங்கள். பள்ளி மண்டபத்தில் பியானோ இருந்தால், ஆசிரியர்களே, ஓய்வு நேரத்தில் கால் மணி நேரம் அதைத் திறந்துவிடுங்கள். பெரிய உதவி அது.

கடைசி இரண்டு வாரம் மூன்று பீஸையும் தினம் ஒருமுறை நிற்காமல் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். டா கப்போ, டால் செனோ என்று இருந்தால் அதன்படி வாசிக்க வேண்டும். மற்றத் திரும்ப வாசிப்புகள், பாடத்திட்டம் கேட்டாலொழிய, வேண்டாம். வாசிக்கும் வரிசை உங்கள் விருப்பம்தான். கை நன்றாக ஓடுகிற பீஸை முதலில் வைத்து, அதே வரிசையில் பழகிக்கொள்ளுங்கள்.