அந்த ‘2’ எங்கே போனது?

ஜனாதிபதித் தேர்தல் முடிவு பற்றிச் சனம் என்ன கதைக்கிறது என்று கேட்டு எழுதச் சொன்னார்கள். யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் அதிகம் அலையத் தேவையிருக்கவில்லை. 2019இல் 3 வீதம் எடுத்த அநுரகுமார திசாநாயக்கவின் திசைகாட்டிச் சின்னம், 2024 செப்டெம்பரில் 42.31 வீதத்துக்கு ஏறியதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பேச்சு. பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றவர்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. “ஆர் வந்தாலும் தேங்காய் விலை இறங்குமோ தம்பி?” என்றார் ஒரு அம்மா. இந்தப் பதிலை எழுதிக்கொள்ளாத நிருபர் கிடையாது, நானும் எழுதிக்கொண்டேன். பயந்தவர்களும் உண்டு. தேர்தல் இரவு ஊரடங்கு என்றதும் பாணும் பருப்பும் வாங்கிக் கதவைச் சாத்தியவர்கள், மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை என்று கொஞ்சம் ஆச்சரியத்தோடுதான் வெளியே வந்தார்கள்.

எனக்கு மனதில் தைத்தது வேறொன்று. தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குக்குப் போட்டதாகச் சொன்ன ஒரு பெரியவரிடம், இரண்டாவது விருப்பு யாருக்கு என்று கேட்டேன்.

“ரெண்டாவதோ? ஒரு ஆளுக்குத்தானே போடுறது. புள்ளடி போட்டன், மடிச்சன், பெட்டிக்குள்ள விட்டன், வந்தன்.”

சொல்லும்போதே சுட்டுவிரலால் மேசையில் ஒரு புள்ளடி கீறிக் காட்டினார். பக்கத்தில் நின்ற இளைஞன், பல்கலைக்கழகம் போகிறவன், தானும் ‘1’ மட்டும்தான் போட்டதாகச் சொன்னான். மற்றதையும் போடப்போய்ச் சீட்டுக் கெட்டுவிடுமோ என்று பயமாம்.

1982இலிருந்து எட்டு ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்தும், இரண்டாவது விருப்பை எண்ண வேண்டிய நிலை ஒருமுறைகூட வரவில்லை. ஒன்பதாவதில் வந்தது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களுக்கு விழுந்த சீட்டுகளைத் திரும்பவும் எடுத்து, ‘2’ அல்லது ‘3’ அந்த இருவரில் ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவை 33 இலட்சத்துக்கு மேல். திசைகாட்டிக்குக் கூடுதலாகச் சேர்ந்தது 1,05,264, இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவின் தொலைபேசிக்கு 1,67,867. இரண்டையும் கூட்டினாலும் மூன்று இலட்சம் வரவில்லை. மிச்சம் முப்பது இலட்சம் சீட்டுகளுக்கு இறுதிப் போட்டியில் வாயே இல்லை. முதல் எண்ணிக்கையில் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 12,71,880தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘2’ எழுதியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். சங்குக்கு மட்டும் போட்டதே ஒரு செய்தி, அதை ஏன் நீர்த்துப்போக விட வேண்டும் என்ற வாதத்தையும் கேட்டேன். தெரிந்தே ‘2’ஐ விட்டவர்களோடு எனக்கு வழக்கில்லை. அந்தப் பெரியவர் அப்படித் தெரிந்தே விட்டவரல்ல. யாழ் மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் சங்குக்கும் ரணில் விக்கிரமசிங்கவின் சிலிண்டருக்கும் போனவை. தென்னிலங்கை இருவரில் யார் என்று முடிவெடுத்த நேரத்தில், நாட்டிலேயே இரண்டாவது விருப்பு அதிகம் தேவைப்பட்ட வாக்காளர்களில் இவர்களும் அடக்கம். இதற்கு மேல் நாடு முழுவதும் 3,00,300 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.

படிப்பறிவில்லாத சனம் என்று தள்ளிவிட முடியாது. இதே பெரியவர் பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டு, கீழே மூன்று பேரின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து விருப்பு வாக்கும் போடுகிறவர். பழைய தேர்தலில் தான் போட்ட இலக்கத்தைக்கூட மறக்காமல் சொன்னார். அங்கே இலக்கத்தை மனப்பாடம் செய்விக்க வேட்பாளர் வீடு வீடாக வருகிறார், துண்டுப்பிரசுரம் தருகிறார், மாதிரி வாக்குச்சீட்டில் கைபிடித்துக் காட்டுகிறார். ஜனாதிபதித் தேர்தலில் அந்த ‘2’ இன்னொருவருக்கல்லவா போகிறது! தன் மேடையில் ஏறி நின்று, அடுத்ததாக மற்றவனுக்குப் போடு என்று சொல்ல எந்தக் கட்சிக்கு மனம் வரும்?

அப்போது 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் வரவிருந்தது. இலக்கம் கிடைத்ததும் வேட்பாளர்கள் முதலில் நம்ம வீட்டுக்குத்தான் வருவார்கள் என்று பெரியவர் சிரித்தார். பத்து வாக்குள்ள வீடாம்.