மடிக்கணினி வன்பொருள் பழுதுநீக்கம்

மடிக்கணினி வன்பொருள் பழுதுநீக்கம் என்பது மடிக்கணினியின் மின்னணுப் பகுதிகளிலும் இயந்திரப் பகுதிகளிலும் ஏற்படும் கோளாறுகளை இனங்கண்டு, அவற்றைச் சீர்செய்வது அல்லது பழுதான பகுதியை மாற்றுவது ஆகும். இதில் பழுதறிதல், பழுதுநீக்கல் என இரு படிகள் உண்டு. நேரத்தின் பெரும்பகுதியை முதற்படியே எடுத்துக்கொள்ளும். ஒரு சிறு மின்தேக்கியை மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகளுள் பழுதானது அந்த மின்தேக்கிதான் என்று அறிவதற்கு ஒரு நாள் ஆகலாம்.

தமிழ்நாட்டில் இத்துறைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட சுமார் 50 இலட்சம் மடிக்கணினிகள் 2010-களில் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. பல குடும்பங்களுக்கு அதுவே வீட்டின் முதற் கணினி. உத்தரவாதக் காலம் முடிந்தபின் அக்கணினி பழுதானால், அதைச் சீர்செய்ய இயலுமா என்பதே அது தொடர்ந்து பயன்படுமா, பரணுக்குப் போகுமா என்பதை முடிவுசெய்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆகவே இக்கேள்வி புதிய தலைமுறை ஒன்றுக்கும் எழவிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வழித்தடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூரும், அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் உள்ள ஒரகடமும் சிப்காட் தொழிற்பூங்காக்களால் இணைந்த ஓர் உற்பத்தி வட்டாரம் ஆகும். ஒரகடம் வாகன ஆலைகளுக்கும், ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளுக்கும் பெயர் பெற்றவை. நோக்கியாவின் கைபேசி ஆலை 2006-இல் இங்கு உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. டெல் நிறுவனம் 2007-இல் கணினி ஆலையைத் திறந்தது. எச்.பி. மடிக்கணினிகள் 2021 முதல் ஃபிளெக்ஸ் நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பொருத்தப்படுகின்றன. டிக்சன் குழுமத்தைச் சேர்ந்த பாட்ஜெட் எலக்ட்ரானிக்ஸ், ஒரகடத்தில் மடிக்கணினி ஆலை அமைக்க 2025-இல் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது.

இவ்வாலைகளிலும் பழுதறிதல் அன்றாட வேலையே. பற்றவைப்புக் கோடு ஒன்றிலிருந்து வெளிவரும் பலகைகளுள் ஒரு பகுதி எப்போதும் தவறும். உறுப்புகள் தத்தம் இடத்தில் உள்ளனவா என்று ஒளிப்படக் கருவி பார்க்கிறது. சில்லுகளின் அடியில் மறைந்துள்ள சால்டர் உருண்டைகளை எக்ஸ்-கதிர் காட்டுகிறது. நூற்றுக்கணக்கான ஊசிகள் கொண்ட தாங்கியின் மேல் பலகையை வைத்து, ஒவ்வொரு தடத்தின் மின்தடையும் மின்னழுத்தமும் ஒரே நேரத்தில் அளக்கப்படுகின்றன. எந்த இடத்தில் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது கருவிக்கு முன்பே தெரியும். ஆகவே, எந்தத் தடம் தவறியது என்பதை அது சில நொடிகளில் சொல்லிவிடும்.

அதே பலகை ஐந்து ஆண்டுகள் கழித்துச் சென்னை ரிச்சி தெருவிலோ, காஞ்சிபுரத்திலோ உள்ள ஒரு கடைக்கு வரும்போது, பழுதுநீக்குபவர் கையில் பெரும்பாலும் பல்மானி (மல்டிமீட்டர்), சால்டர் கோல், வெப்பக்காற்றுக் கருவி ஆகியவையே இருக்கும். எங்கே எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை அவர் தாமே ஊகிக்க வேண்டும். ஆலைக்கும் கடைக்கும் உள்ள வேறுபாட்டில் கைத்திறனைவிடத் தகவலின் பங்கே பெரிது.

மின்னோட்டத்தின் வழி

'கணினி உயிர் பெறவில்லை' என்பதே கடைகளுக்கு வரும் கடினமான முறையீடு. இதை அணுகும் நல்ல வழி, மின்னோட்டம் செல்லும் பாதையை வரிசையாகப் பின்தொடர்வதாகும்.

சுவர்ச் செருகியில் வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை, தகவி (அடாப்டர்) சுமார் 19 அல்லது 20 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. முதலில் அளக்க வேண்டியது இதுவே. சில தயாரிப்புகளில், தகவியின் செருகியில் உள்ள மெல்லிய நடு ஊசி தகவியின் அடையாளத்தைக் கணினிக்குச் சொல்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ, கம்பி அறுந்தாலோ கணினி இயங்கும். ஆனால் மின்கலம் ஏறாது. மின்கலம் பழுது என்று எண்ணிப் புதியது வாங்கி ஏமாறுவோர் உண்டு.

தகவியிலிருந்து வரும் மின்சாரம், கணினியின் நுழைவாயில் வழியாக மாஸ்ஃபெட் எனப்படும் இரு திரிதடையங்களைக் கடந்து முதன்மைத் தடத்தை அடைகிறது. அங்கிருந்து 3.3 வோல்ட், 5 வோல்ட் ஆகிய காத்திருப்புத் தடங்கள் உருவாகின்றன. இவை ஆளியை அழுத்துவதற்கு முன்பே இருக்க வேண்டியவை. இவற்றால் உட்பொதி கட்டுப்படுத்தி என்ற சிறு சில்லு விழித்திருக்கிறது. ஆளியை அழுத்தியதும் அது நினைவகத்துக்கும் துணைச் சில்லுகளுக்கும் இறுதியாக நுண்செயலிக்கும் உரிய தடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிறது. ஏதேனும் ஒரு தடம் 'சரி' என்ற குறிப்பைத் திருப்பி அனுப்பாவிட்டால் வரிசை அங்கேயே நின்றுவிடும். எனவே, வரிசை எந்தப் படியில் நின்றது என்று கண்டால் பழுது எந்தப் பகுதியில் உள்ளது என்பதும் தெரிந்துவிடும்.

மின்னோட்டத்தைக் காட்டும் ஆய்வக மின்வழங்கி இருந்தால் வேலை எளிதாகும். ஓட்டம் முற்றிலும் சுழி என்றால் நுழைவாயிலையும் முதல் மாஸ்ஃபெட்டையும் பார்க்க வேண்டும். மிகச் சிறிய காத்திருப்பு ஓட்டம் தெரிந்தும் ஆளிக்கு மறுமொழி இல்லையென்றால் கட்டுப்படுத்தியின் பக்கம் செல்ல வேண்டும். ஓட்டம் திடீரென ஏறி, மின்வழங்கி தன்னைத்தானே துண்டித்துக்கொண்டால் குறுக்குச்சுற்று உள்ளது என்று கொள்ளலாம்.

குறுக்குச்சுற்றைக் கண்டுபிடித்தல்

'சார்ட்' என்று வழங்கப்படும் குறுக்குச்சுற்றுக்கு அடிக்கடி காரணமாவது, வெடிப்பு விட்ட பீங்கான் மின்தேக்கியாகும். இது கடுகளவே இருக்கும். வெளித்தோற்றத்தில் பழுது தெரியாது. ஒரே தடத்தில் இத்தகைய மின்தேக்கிகள் பல இணையாக இருப்பதால் பல்மானி எல்லாவற்றிலும் ஒரே அளவைக் காட்டும். அவ்வேளையில், தகவியையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டு, அத்தடத்துக்கு உரிய அளவைவிடக் குறைந்த மின்னழுத்தத்தை, ஒரு வோல்ட் போல, வெளியிலிருந்து செலுத்துவார்கள். பழுதான உறுப்பு சூடாகும். பலகையின் மேல் ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தடவியிருந்தால், எந்த இடம் முதலில் உலர்கிறதோ அதுவே குற்றவாளி. வெப்பப் படக்கருவி இல்லாத கடைகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது.

புதியவர்கள் இங்கே ஒரு பொறியில் விழுவதுண்டு. நுண்செயலியின் உள்ளகத் தடத்தில் மின்தடை இயல்பாகவே ஓரிரு ஓம், சிலவற்றில் அதற்கும் குறைவு. அதைக் குறுக்குச்சுற்று என்று கருதி நல்ல நுண்செயலியைப் பழுதானதாக அறிவித்துவிடக் கூடாது. அதே மாதிரியைச் சேர்ந்த நல்ல பலகை ஒன்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு. அனுபவம் வாய்ந்த கடைகளில் உடைந்த பலகைகள் குவிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவை ஒப்பீட்டுக்கும் உதவும், உறுப்புகளைக் கழற்றி எடுக்கவும் உதவும்.

எளிய பழுதுகள்

விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, திரை மட்டும் இருண்டிருந்தால் முதலில் வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்க்கலாம். அதில் படம் வந்தால் தாய்ப்பலகை பெரும்பாலும் நலமே. கைவிளக்கைத் திரையின் மேல் சாய்வாக அடிக்கும்போது மங்கலான படம் தெரிந்தால் பின்னொளி மட்டுமே போயிருக்கிறது. மூடியைத் திறந்து மூடும் கீலின் வழியே செல்லும் திரைக்கம்பி காலப்போக்கில் தேய்வதால், குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் படம் தெரிவதும் உண்டு.

நினைவக அட்டையைக் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து, மீண்டும் செருகினாலே சீராகும் கணினிகள் வியக்கத்தக்க அளவு உள்ளன. கோளாறு வன்பொருளிலா மென்பொருளிலா என்று ஐயம் இருந்தால், யூ.எஸ்.பி. துண்டிலிருந்து லினக்சு இயங்குதளத்தை நேரடியாகத் தொடங்கிப் பார்க்கலாம். அதிலும் உறைந்து நின்றால் வன்பொருளே. வன்தட்டு ஐயத்துக்கு உரியதானால், வேறு எதையும் சோதிக்கும் முன் கோப்புகளைப் படியெடுத்துவிட வேண்டும். சோதனையின் நடுவே வன்தட்டு முற்றிலும் நின்றுவிடக்கூடும்.

உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தொடும்போது மெல்லிய அதிர்வு உணரப்படுவது பழுதன்று. தகவியிலுள்ள வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக மிகச் சிறிய ஓட்டம் கசிகிறது. நிலத்தொடர்பு இல்லாத செருகியில் அது செல்ல வேறு வழி இல்லை. முறையான நிலத்தொடர்பும், அதற்கு ஏற்ற மூன்று ஊசிச் செருகியும் இருந்தால் அது மறையும்.

நீர், உப்பு, தூசி

கடலோர மாவட்டங்களில் ஈரப்பதமும் உப்புக்காற்றும் பலகையை அரிக்கின்றன. தேநீர், நீர் போன்றவை சிந்தினால் உடனே தகவியைப் பிடுங்கி, கணினியை அணைத்து, மின்கலத்தையும் பிரிக்க வேண்டும். நீரைவிட, நீரும் மின்னழுத்தமும் சேர்ந்திருப்பதே கேடு. அப்போது மின்னாற்பகுப்பு நிகழ்ந்து செம்புத் தடங்கள் சில மணி நேரத்திலேயே பச்சையாகும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. வெளியே உலர்ந்தாலும் சர்க்கரையும் உப்பும் உள்ளேயே இருக்கும். பலகையைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் கழுவுவதே முறை.

தூசியால் வெப்பச் சிறகுகள் அடைபடும்போது நுண்செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'கணினி மெதுவாகிவிட்டது' என்ற முறையீட்டுக்கு விடை சில நேரம் ஒரு தூரிகையும் சிறிது வெப்பப் பசையுமே.

சால்டரும் வரைகலைச் சில்லும்

ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. அதனால் உலகெங்கும் ஆலைகள் ஈயமற்ற சால்டருக்கு மாறின. 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு ஈயமும் கொண்ட பழைய சால்டர் 183 பாகை செல்சியசில் உருகும். புதியது சுமார் 217 பாகையில்தான் உருகத் தொடங்கும். பழைய வழக்கப்படி கோலை வைத்தால் சால்டர் இளகாமல் பலகையின் செம்புத் திட்டு பெயர்ந்துவிடும். ஆகவே பலகையை அடியிலிருந்தும் சூடேற்றுவர்.

அக்காலத்தில் பல மடிக்கணினிகளின் வரைகலைச் சில்லுகள் செயலிழந்தன. 2008 சூலையில், பழுதான சில்லுகளுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியா அறிவித்தது. சில்லைச் சூடேற்றினால் திரை மீண்டும் தெரிந்ததால், அதுவே தீர்வு என்ற நம்பிக்கை கடைகளில் பரவியது. அது சரியன்று. விரிசல், சில்லுக்கும் அதன் தாங்கிக்கும் இடையிலான நுண்ணிய இணைப்புகளில் இருந்தது. தாங்கிக்கும் பலகைக்கும் இடையிலான சால்டரில் அன்று. சூடு தற்காலிகமாகவே உதவியது. வாரங்களில் மீண்டும் வரக்கூடிய பழுதை நீக்கியதாகச் சொல்லிப் பணம் பெறுவது நேர்மையான தொழில் ஆகாது.

மின்கலம்

இலித்தியம் அயனி மின்கல அறை ஒன்றின் முழு மின்னழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்தால் அறைகள் அளவுக்குமீறி இறங்கி, பாதுகாப்புச் சுற்று அவற்றைப் பூட்டிவிடும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெட்டியில் வைக்கப்பட்ட கணினிகளுக்கு இது எளிதில் நேரக்கூடியது. பூட்டைத் தந்திரமாகத் திறந்து மின்னேற்றுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். 2006 ஆகத்தில் டெல் நிறுவனம், சோனி தயாரித்த அறைகளைக் கொண்ட 41 இலட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. நல்ல ஆலையில் செய்த அறைகளே உள்ளிருந்த உலோகத் துகளால் தீப்பற்றக்கூடும் என்பது அப்போது உலகுக்குத் தெரிந்தது. உப்பிய மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. தொடுபலகை மேலெழும்பினாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ மின்கலத்தைப் பார்ப்பது நல்லது.

வரைபடமும் உதிரிப்பாகமும்

பலகையின் மின்சுற்று வரைபடத்தை உற்பத்தியாளர்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. கடைகளில் புழங்குபவை பெரும்பாலும் கசிந்த படிகளே. அது கிடைக்காத மாதிரிக்கு ஒரு மாஸ்ஃபெட் போனாலும் முழுப் பலகையையும் மாற்றச் சொல்ல நேர்கிறது. பழைய கணினியில் அச்செலவைச் செய்யப் பலர் முன்வருவதில்லை. மெல்லிய மாதிரிகள் பலவற்றில் நினைவகமும் பலகையிலேயே பற்றவைக்கப்படுவதால், முன்பு ஐந்து நிமிட வேலையாக இருந்த மாற்றம் இப்போது சில்லு வேலையாகிவிட்டது.

பிரான்சில் 2021 சனவரி 1 முதல் மடிக்கணினிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்ற பழுதுநீக்கக் குறியீட்டைக் காட்டுவது கட்டாயமாக்கப்பட்டது. ஆவணங்கள் கிடைக்கின்றனவா, கழற்றுவது எளிதா, உதிரிப்பாகம் என்ன விலை என்பவை அதன் அளவுகோல்களுள் சில. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்க உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது. அரசு இலட்சக்கணக்கில் கொள்முதல் செய்யும்போது, ஒப்பந்தப்புள்ளியிலேயே வரைபடமும் உதிரிப்பாகமும் கேட்டுப் பெறலாம். தனி நுகர்வோருக்கு இல்லாத வலிமை அங்கு உண்டு.

சீர்செய்ய இயலாத கணினியிலிருந்து வன்தட்டைக் கழற்றி எடுத்த பின், எஞ்சியதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதற்கான பொறுப்பு உற்பத்தியாளரையும் சாரும். கழற்றிய மின்கலத்தின் முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.