பாலியற் கல்வி: கட்டாயம் எவருக்கு?

எமது வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி பெரியபிள்ளையானால் வீடு விழாக்கோலம் பூணுகின்றது. வாசலில் வாழை நாட்டுகின்றோம்; பந்தல் இடுகின்றோம்; அழைப்பிதழ் அச்சிட்டு உற்றார்க்கும் ஊரவர்க்கும் அனுப்புகின்றோம். தாய்மாமன் தேங்காய் உடைத்து நீர் வார்க்க, பெண்கள் சோடி சோடியாக நின்று ஆலாத்தி எடுக்க, படம் பிடிப்பவர் முன்னும் பின்னும் ஓட, நீராட்டு விழா இனிதே நிறைவேறுகின்றது. உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் நாள் தவறாது ஊட்டப்படுகின்றன. இத்தனை பேர் கூடிக் கொண்டாடும் நிகழ்ச்சியின் பொருள் யாது என்பதை மாத்திரம் அச்சிறுமிக்கு எடுத்துச் சொல்வார் இலர். "இனி ஓடித் திரியாதே, ஆம்பிளைப் பிள்ளைகளோடு விளையாடாதே" என்ற கட்டளைகளோடு அவளது கல்வி முற்றுப்பெறுகின்றது.

ஆண்பிள்ளையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவனுக்குச் சடங்குமில்லை, சொல்லுமில்லை. குரல் உடைகின்றது, உறக்கத்திலே விந்து வெளியேறுகின்றது, தனக்கு ஏதோ தீராத நோய் வந்துவிட்டதென்று அஞ்சுகின்றான். ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்திற்குச் சமம் என்று எவனோ சொன்னதைக் கேட்டு நடுங்குகின்றான். இந்த அச்சத்தை மூலதனமாக வைத்தே போலி வைத்தியர் பலர் லேகியம் விற்றுப் பிழைக்கின்றனர். விந்து கழிதலால் உடல் நலிகின்றது என்னும் இந்த வீண் அச்சத்தினால் இளைஞர் உளநோய்க்கு ஆளாவதைக் கண்ட இந்திய உளமருத்துவர் என். என். விக், 1960ஆம் ஆண்டிலே அதற்குத் 'தாது நோய்க்குறி' எனப் பெயரிட்டார். அறியாமையே காரணமாக ஒரு நோய்க்குப் பெயர் ஏற்பட்டதென்றால், எமது மௌனத்தின் விலை எத்தகையது என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்த மௌனத்தைக் கலைப்பது பாடசாலையின் கடமையா? அதனைச் சட்டத்தினாற் கட்டாயமாக்கலாமா? அவ்வாறாயின் அக்கட்டாயம் எவர்மீது சுமத்தப்பட வேண்டும்? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

சுவீடன் நாட்டு அனுபவம்

பாலியற் கல்வியை நாடு முழுவதும் முதன்முதலிற் கட்டாயமாக்கிய தேசம் சுவீடன் ஆகும். அதற்கு வித்திட்டவர் எலிஸ் ஒட்டேசன் ஜென்சன் என்னும் மாது. 1886ஆம் ஆண்டில் நோர்வே நாட்டிலே மதகுரு ஒருவரின் மகளாகப் பிறந்தவர் அவர். அவருடைய தங்கை மணமாகாத நிலையிற் கருவுற்றபோது, ஊரார் அறியாவண்ணம் டென்மார்க்கிற்கு அனுப்பப்பட்டாள். பிரசவம் எவ்வாறு நிகழும் என்பதையே அறியாத நிலையில் அவள் பிள்ளை பெற்றாள். பெற்ற பிள்ளையும் அவளிடமிருந்து பிரிக்கப்பட்டது. மதிப்பு மிக்க ஒரு குடும்பத்தின் மௌனம் அக்குடும்பத்துப் பெண்ணையே பலிகொண்டதைக் கண்ட தமக்கை, பின்னர் சுவீடனிற் குடியேறி, ஊர் ஊராகச் சென்று தொழிலாளர் குடும்பங்களுக்கு உடலைப் பற்றியும் மகப்பேற்றைப் பற்றியும் விளக்கிப் பேசினார். கருத்தடை பற்றிப் பகிரங்கமாக அறிவுறுத்துவதை 1910ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டிலே தடை செய்திருந்தது. அத்தடையையும் பொருட்படுத்தாது அவர் பேசினார். 1933இற் பாலியற் கல்விக்கென ஒரு சங்கத்தை நிறுவுவதற்கும் முன்னின்றார். 1938இல் அத்தடைச் சட்டம் நீங்கிற்று. 1955இல் அந்நாட்டுப் பாடசாலைகள் அனைத்திலும் பாலியற் கல்வி கட்டாய பாடமாயிற்று.

இக்கதை இத்துடன் முடிவதாகப் பலர் எண்ணுவர். நாம் கவனிக்கவேண்டிய பகுதி இதன் பின்னரே வருகின்றது. கட்டாயமாகி அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும், பாடசாலைக்குப் பாடசாலை இக்கல்வி வேறுபடுவதையும், பல ஆசிரியர்கள் தக்க பயிற்சியின்றி நிற்பதையும் அந்நாட்டவர் கண்டனர். ஆகவே 2021ஆம் ஆண்டு முதல், ஆசிரியராகப் பயில்வோர் இத்துறையிலே தேர்ச்சி பெறுவதும் பட்டத்திற்குரிய நியதிகளுள் ஒன்றாக்கப்பட்டது. மாணவர்க்குக் கட்டாயம் 1955இல். ஆசிரியர்க்குக் கட்டாயம் 2021இல். இடைப்பட்ட இடைவெளி அறுபத்தாறு ஆண்டுகள்! அடுத்த ஆண்டு, 2022இல், பாடத்திட்டத்திலே இக்கல்விக்குப் 'பாலியல்பு, சம்மதம், உறவுகள்' என்று விரிந்த பெயரும் சூட்டப்பட்டது.

இங்கிலாந்தின் ஏற்பாடு வேறொரு வகையில் நோக்கத்தக்கது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, 2020 செப்டெம்பர் முதல் ஆரம்பப் பாடசாலைகளில் உறவுகள் பற்றிய கல்வியும், இடைநிலைப் பாடசாலைகளில் உறவுகளுடன் பாலியல் பற்றிய கல்வியும் அங்கே கட்டாயமாயின. பாலியற் பகுதியிலிருந்து பிள்ளையை விலக்குமாறு பெற்றோர் கேட்கலாம். உறவுகள் பற்றிய பகுதியிலிருந்தோ விஞ்ஞான பாடத்திலிருந்தோ விலக்க இயலாது. பதினாறு வயது நிறைவதற்கு மூன்று தவணைகள் இருக்கும்போது, கற்க விரும்பும் பிள்ளையின் சொல்லே மேலோங்கும். பெற்றோரின் உரிமையும் பிள்ளையின் உரிமையும் இவ்வாறு ஒரே தராசில் வைத்து நிறுக்கப்பட்டுள்ளன.

எமது நாட்டு நிலை

இலங்கையிலே பாலியற் கல்வி அறவே இல்லையென்பது பொருந்தாக் கூற்று. சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடம் இடைநிலை வகுப்புகளிலே கற்பிக்கப்படுகின்றது. பருவமடைதலும் இனப்பெருக்கச் சுகாதாரமும் அதில் அடங்கும். விஞ்ஞான பாடத்திலும் மனித இனப்பெருக்கம் இடம்பெறுகின்றது. எனினும் க.பொ.த. சாதாரண தர வகுப்பை அடைந்ததும் சுகாதார பாடம் விருப்பத்துக்குரிய பாடங்களுள் ஒன்றாகிவிடுகின்றது. பிள்ளைக்கு மிகவும் வேண்டிய வயதிலே அது வேண்டியவர்க்கு மட்டுமான பாடமாகின்றது.

பாடநூலில் இருப்பதெல்லாம் வகுப்பறையில் ஒலிப்பதுமில்லை. "இந்த அத்தியாயத்தை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று கூறி அடுத்த பாடத்துக்குத் தாவுவது ஆசிரியர் உலகம் நன்கறிந்த வழக்கம். வீட்டிலோ, "அதெல்லாம் பள்ளிக்கூடத்திற் சொல்லித் தருவார்கள்" என்று பெற்றோர் ஒதுங்குகின்றனர். இரு கதவுகளும் அடைபட்டபின், பிள்ளை கையிலுள்ள தொலைபேசியை நாடுகின்றான். அங்கே அவனுக்குக் கிட்டுவது கல்வியன்று, வியாபாரம். ஏழாந்தர மாணவர்க்கென ஆக்கப்பட்ட ஒரு துணைநூல் 2020ஆம் ஆண்டளவில் எதிர்ப்புக்கு உள்ளாகி நிறுத்தி வைக்கப்பட்டது. அந்நூலிற் குறையிருந்தால் திருத்தியிருக்கலாம். நூலை மூடிவைத்தமையால் பிள்ளைகளின் வினாக்கள் மூடப்படவில்லை.

சட்டம் இவ்விடயத்தில் எமக்கு முன்னே நடந்துவிட்டது. 1995ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சம்மத வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. பொது விவாகச் சட்டத்தின்படி திருமண வயதும் அவ்வாண்டிலேயே பதினெட்டாயிற்று. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை தோன்றியது. 1929 என்னும் இலக்கத்துக்கு எவரும் முறையிடலாம். இவையாவும் சிறந்த ஏற்பாடுகளே. ஆனால் முறையிடுவதற்குச் சொல் வேண்டுமன்றோ? தன் உடலின் உறுப்புகளுக்குப் பெயரே கற்பிக்கப்படாத பிள்ளை, தனக்கு நேர்ந்த தீங்கை எந்தச் சொல்லினால் எவரிடம் எடுத்துரைக்கும்? சிறுவர்க்குத் தீங்கிழைப்போர் பெரும்பாலும் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்கள் என்பதை உலக அனுபவம் காட்டுகின்றது. "அதைப் பற்றிப் பேசக்கூடாது" என்று நாம் வளர்க்கும் பிள்ளையின் மௌனமே அத்தகையோருக்குக் காவலாகின்றது.

அச்சங்கள் மூன்று

பெற்றோர் கூறும் முதலாவது அச்சம், அறியாத பிள்ளைக்கு ஆசையை ஊட்டிவிடலாம் என்பது. இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. அது பிள்ளைமீதுள்ள அன்பிலிருந்து பிறப்பது. ஆனால் உலக ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கி, யுனெஸ்கோ நிறுவனம் 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி நூல், பாலியற் கல்வி இளைஞரை விரைவிலே பாலுறவிற்குத் தூண்டுவதில்லை என்று கூறுகின்றது. முறையான கல்வி பெற்றோர் பொறுப்பறிந்து நடக்கின்றனர் என்பதே அதன் சாரம்.

இரண்டாவது அச்சம் பண்பாடு குலையும் என்பது. அறம், பொருள், இன்பம், வீடு என்று வாழ்வின் பயனை வகுத்து, இன்பத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தவர் எம் முன்னோர். அகமென்றும் புறமென்றும் இலக்கியத்தைப் பகுத்தவர் தமிழர். திருக்குறளின் மூன்றாம் பாலில் இருபத்தைந்து அதிகாரங்கள் உள்ளன. உயரிய நோக்கோடு இவற்றைப் பேசிய ஒரு மொழிக்குப் பிள்ளைகளோடு கண்ணியமாகப் பேசச் சொல் இல்லையென்பது பொருந்துமா? பூப்பெய்தியதை ஊரழைத்து அறிவிக்கும் சமூகம், அதன் விளக்கத்தைச் சிறுமிக்கு மறைப்பதே பண்பாட்டுக்கு ஒவ்வாதது.

மூன்றாவது, இது தாய் தந்தையரின் வேலை என்பது. உண்மைதான். சொல்லும் பெற்றோர் உள்ள வீட்டிலே பாடசாலை துணை நின்றாற் போதும். ஆயின் தாயற்ற பிள்ளை, தந்தை கடல் கடந்து சென்ற பிள்ளை, வீட்டிலேயே தீங்குக்கு ஆளாகும் பிள்ளை ஆகியோருக்கு யார் சொல்வது? ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயமாயுள்ள நாட்டிலே, எல்லாப் பிள்ளைகளையும் சென்றடையக்கூடிய இடம் பாடசாலை ஒன்றே.

சொல்லவேண்டியது எவ்வளவு?

பருவமடைதல் பற்றிப் பிள்ளை அறியவேண்டியது மலைபோன்ற அறிவன்று. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி ஓமோன்களைச் சுரந்து உடலை வளர்ச்சிக்குத் தூண்டுகின்றது. பெண்பிள்ளைக்குப் பொதுவாக எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையிலும், ஆண்பிள்ளைக்கு ஒன்பதுக்கும் பதினான்குக்கும் இடையிலும் இம்மாற்றம் தொடங்கும். சூலகத்திலிருந்து மாதந்தோறும் ஒரு முட்டை வெளிப்படுகின்றது. அது கருவாகித் தங்கினால் ஏற்பதற்காகக் கருப்பையின் உட்சுவர் தடிக்கின்றது. கரு தங்காவிடின் அச்சுவர் குருதியோடு கழிகின்றது. இதுவே மாதவிடாய். இது தீட்டுமன்று, நோயுமன்று. ஆண்பிள்ளையின் விதைகள் விந்தணுக்களை ஆக்கத் தொடங்குகின்றன. உறக்கத்தில் அது வெளியேறுதல் இயல்பே. அதனால் உடல் நலிவதில்லை. இதனைக் கூற ஐந்து நிமிடம் போதும். இந்த ஐந்து நிமிடம் கிட்டாமையால் ஆண்டுக்கணக்கில் அஞ்சி வாழ்ந்தவர் எத்தனை பேர்!

ஏனையவற்றை வயதறிந்து வழங்குதல் வேண்டும். யுனெஸ்கோ வழிகாட்டி ஐந்து வயது தொடங்கி நான்கு பருவங்களாகப் பிரிக்கின்றது. எமது பாடசாலைக்கு ஏற்பச் சொல்வதானால், ஆரம்ப வகுப்புகளில் உடலுறுப்புகளின் பெயரும், எவர் தொடுவதை மறுக்கலாம், எவரிடம் சொல்லலாம் என்பதும் போதும். ஆறாந்தரத்துக்கு முன்பே பருவமாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். மழை பெய்தபின் குடை கொடுப்பதில் என்ன பயன்? எட்டாம், ஒன்பதாந் தரங்களில் நட்பு, ஈர்ப்பு, பிறர் சம்மதத்தை மதித்தல், தொலைபேசிவழி படங்களை அனுப்புவதன் ஆபத்து ஆகியன வரவேண்டும். அதன்பின் கருவுறுதல், கருத்தடை, பாலியல் நோய்கள், நாட்டின் சட்டம் என்பன, விருப்பப் பாடமாக இன்றி, எல்லா மாணவர்க்கும் உரியனவாக அமைதல் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வறிவு பொதுவானது. பெண்ணை மாத்திரம் எச்சரித்து ஆணை அறியாமையில் விடுவது அரைக் கல்வியே.

முதற் கட்டாயம்

இனி, தலைப்பிலே எழுப்பிய வினாவுக்கு வருவோம். கட்டாயம் வேண்டும் என்பதே எமது துணிபு. ஆனால் அதனைப் பிள்ளையின் தலையில் வைப்பதற்கு முன்னர் ஆசிரியரின் தோளில் வைக்கவேண்டும். சுவீடன் நாடு அறுபத்தாறு ஆண்டுகள் சென்றபின் செய்ததை நாம் முதலிலேயே செய்யலாம். கல்வியியற் கல்லூரிகளில் பயிலும் ஒவ்வோர் ஆசிரியரும், நாணமின்றியும் நகைப்பின்றியும் இப்பாடத்தைச் சொல்லும் பயிற்சி பெற்றே வெளியேறவேண்டும். ஏற்கெனவே பணியிலுள்ளோர்க்கும் அப்பயிற்சி கிட்டவேண்டும். மாணவர் எழுதி இடும் வினாப்பெட்டி ஒன்று வகுப்பில் இருக்குமாயின், கூச்சமுள்ள பிள்ளையும் வினவும். ஆசிரியரும் ஆயத்தமாகி விடை கூறலாம். ஊர்தோறும் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்துப் பேச வைக்கலாம். பாடம் தொடங்குமுன் பெற்றோரைக் கூட்டி, இன்னது சொல்லப்போகின்றோம் என்று நூலைக் கையிற் கொடுத்துக் காட்டினால், எதிர்ப்பிற் பாதி அன்றே அடங்கும்.

தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை தோழன் என்பர். தோழனிடம் உண்மையை மறைப்பார் எவருமில்லை. பிள்ளை ஒருநாள் வந்து, "இது என்ன?" என்று வினவும்போது, அதட்டி அனுப்பாமல் அருகில் இருத்தி விடை சொல்லும் பெரியவர் ஒருவர் வீட்டிலும் ஒருவர் பாடசாலையிலும் இருப்பாராயின், அப்பிள்ளை வேறெங்கும் போய்க் கேட்கமாட்டாது. அந்த இருவரையும் ஆயத்தம் செய்வதே நாம் உடனே தொடங்கவேண்டிய பணியாகும்.