தோல் தையல் இயந்திரம்: குறைந்த செலவில் கூடுதல் திறன்

தோல் பொருள் உற்பத்தி பெரிய ஆலைகளில் மட்டும் நடைபெறுவதன்று. கான்பூரின் குதிரைச் சேணங்கள், ஆக்ராவின் காலணிகள், மும்பை தாராவியின் பைகள், இடைவார்கள் ஆகியவற்றுள் பல, ஓரிரு தையல் இயந்திரங்களையே மூலதனமாகக் கொண்ட சிறு கூடங்களில் உருவாகின்றன. தடித்த தோலைத் தைக்கும் வேலை வரும்போது, இக்கூடங்களை நடத்துவோருக்கு இரண்டு வழிகளே உண்டு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஒன்று, கடன் பெற்றுப் புதிய கனரக இயந்திரம் வாங்குவது. மற்றொன்று, தையலை வெளியாரிடம் கூலிக்கு விடுவது. முன்னதில் வட்டிச் சுமை. பின்னதில் வருமான இழப்பு. கையிலுள்ள இயந்திரத்தையே சிறு மாற்றங்களால் வேலைக்கு ஏற்றதாக்குவது மூன்றாவது வழியாகும்.

வேகமன்று, விசையே தேவை

தொழிற்கூடங்களில் காணப்படும் பழைய இயந்திரங்கள் பலவற்றில் அரைக் குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 370 வாட் ஆற்றலுள்ள கிளட்ச் மோட்டார் பொருத்தப்பட்டுள்ளது. இது நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,440 சுற்றுகள் சுழலும். மோட்டாரின் புல்லி 60 மில்லிமீட்டர் விட்டமும், இயந்திரத்தின் கைச்சக்கரம் 120 மில்லிமீட்டர் விட்டமும் உடையவை எனக் கொள்வோம். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தையல் என்பதால், நிமிடத்திற்கு 720 தையல்கள், அதாவது நொடிக்கு 12 தையல்கள் விழும். துணிக்கு இது நன்று. தடித்த தோலிலோ, வளைவுகளில் தையல் கோடு தவறும், ஊசி முறியும். ஒருமுறை துளைத்த தோலில் துளை நிலைத்துவிடுவதால், தவறிய தையலைப் பிரித்தாலும் வடு மறையாது. பொருளே வீணாகும்.

இதற்குரிய தீர்வு, மோட்டாருக்கும் இயந்திரத்திற்கும் நடுவே ஓர் இடைத்தண்டு அமைப்பதாகும். மேசையின் அடியில், இரண்டு பேரிங்குகளின் மீது சுழலும் ஒரு தண்டில் 180 மில்லிமீட்டர் புல்லி ஒன்றையும், 60 மில்லிமீட்டர் புல்லி ஒன்றையும் பொருத்த வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் பெல்ட் பெரிய புல்லியைச் சுழற்றும். சிறிய புல்லியிலிருந்து செல்லும் பெல்ட் இயந்திரத்தைச் சுழற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, நிமிடத்திற்கு 240 தையல்கள் ஆகும். உராய்வினால் நேரும் சிறு இழப்பு நீங்கலாக, முறுக்கு விசை மூன்று மடங்காகும். பேரிங், புல்லி, பெல்ட் ஆகிய மூன்றும் வன்பொருள் கடைகளில் கிடைப்பவை. உள்ளூர்ப் பட்டறையிலேயே பொருத்தத் தக்கவை.

வேகம் குறைந்தால் வருமானம் குறையாதா என்ற ஐயம் எழலாம். தையலின் நீளம் 4 மில்லிமீட்டர் எனில், நிமிடத்திற்கு 240 தையல்கள் என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமாகும். ஓர் இடைவாரின் இரு ஓரங்களையும் தைக்க இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். வெட்டுதல், ஓரம் சீவுதல், பசையிடுதல், மெருகேற்றுதல் ஆகியவற்றுக்கே கூடுதல் நேரம் பிடிக்கிறது. ஆகவே தையல் வேகம் குறைவதால் நாளின் மொத்த உற்பத்தி பெரிதும் குறைவதில்லை. சேதம் குறைவதால் ஆதாயமே மிகும்.

கிளட்ச் மோட்டாருக்குப் பதில் சர்வோ மோட்டார் பொருத்துவதும் பயன் தரும். முன்னது தைக்காத வேளையிலும் சுழன்றுகொண்டே மின்சாரத்தைச் செலவிடுகிறது. பின்னது மிதியை அழுத்தும்போது மட்டுமே இயங்குகிறது. எனினும், மலிவான சர்வோ மோட்டார்கள் மிகக் குறைந்த வேகத்தில் போதிய விசை தருவதில்லை. அவற்றுடனும் இடைத்தண்டைச் சேர்ப்பது நல்லது.

தோலைத் தொடும் உறுப்புகள்

கூர்மையான வெட்டுமுனை கொண்ட தோல் ஊசியையே பயன்படுத்த வேண்டும். தடித்த நூலுக்கு ஏற்பப் பெரிய ஊசிக்கு மாறும்போது, ஊசிக்கும் கொக்கிக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் சரிசெய்தல் இன்றியமையாதது. அது மெல்லிய தாளின் கனத்திற்கு மேற்படலாகாது. ஊசியும் கொக்கியும் உரசவும் கூடாது. தட்டையான அழுத்துப் பாதத்திற்குப் பதிலாக உருளைப் பாதம் பொருத்தினால், மேல் தோல் பின்தங்குவது குறையும். தோலின் அடியில் வடு ஏற்படுத்தும் பற்களின் கூர்மையை எமரித் தாளால் சற்றே மழுக்கலாம். ஆனால் இதற்கென வேறு பல் ஒன்றை வாங்கி, அசல் உறுப்பைப் பத்திரப்படுத்துவதே அறிவுடைமை. அனைத்திலும் மலிவான மாற்றம் இயந்திரத்தில் செய்வதன்று: தைக்கும் ஓரங்களை முன்னதாகச் சீவி மெல்லியதாக்கினால், இயந்திரத்தின் சுமை பெருமளவு குறையும்.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

பாதம் உயரும் அளவு, நூலிழுக்கும் நெம்பின் வீச்சு, கொக்கியின் பருமன் ஆகியவற்றைப் புல்லியால் மாற்ற இயலாது. எனவே வீட்டுத் தையல் இயந்திரம் சேணம் தைக்கும் இயந்திரமாகிவிடாது. காலணியின் அடித்தோலுக்குத் தனி இயந்திரமே வேண்டும். விசை கூடும்போது விபத்தின் கடுமையும் கூடும். பெல்ட்டுகளுக்கு மூடி, விரற்காப்பு, முறையான நில இணைப்பு ஆகியவை இல்லாமல் இயந்திரத்தை இயக்கலாகாது. ஊசி மாற்றுமுன் மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும்.

உதவியும் பயிற்சியும்

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 கைத்தொழில்களுள் காலணித் தொழிலும் ஒன்று. கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை உதவியும், 5 சதவீத வட்டியில் முதற்கட்டமாக ஒரு லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் வகுக்கப்பட்டன. இத்தகைய திட்டங்களில் புதிய கருவிக்கு உதவுவதைப் போன்றே, பழைய கருவியைச் செம்மைப்படுத்துவதற்கும் இடமளிப்பது பொருத்தமாகும். பயிற்சி நிலையங்கள் தையலைக் கற்பிப்பதோடு புல்லிக் கணக்கையும், கொக்கி அமைப்பையும் கற்பித்தல் வேண்டும். தம் இயந்திரத்தின் இயக்கத்தை அறிந்த தொழிலாளி கடன் பெற நேர்ந்தாலும், எது தேவை, எது தேவையில்லை என்பதைத் தாமே தீர்மானிப்பார். குறைந்த மூலதனத்தில் நடைபெறும் தொழிலுக்கு அதுவே உறுதியான பாதுகாப்பு.