81 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது?

ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் பெற்றோரின் மாத்திரை டப்பாவில் ஆஸ்பிரின் பெரும்பாலும் 75 மில்லிகிராமாக இருக்கும். இங்கே மருந்துக்கடையில் கேட்டால் 81 தருவார்கள். பெரிய மாத்திரை என்றால் 325. "ரவுண்டா ஒரு நம்பர் வைக்கத் தெரியாதா இவங்களுக்கு?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான்.

உண்மையில் இவை ஒரு காலத்தில் ரவுண்டான எண்கள்தான், ஆனால் மில்லிகிராமில் இல்லை, 'கிரெயின்' என்ற பழைய அளவில். 325 என்பது 5 கிரெயின். 81 என்பது அதில் கால் பங்கு, அதாவது ஒன்றேகால் கிரெயின்.

கிரெயின் என்றால் தானியமணி. நம் ஊர் ஆசாரிகள் குன்றிமணியை வைத்துப் பொன் நிறுத்த மாதிரி, ஐரோப்பாவில் தானியத்தை வைத்து எடை பிறந்தது. மருந்து கலந்து கொடுத்தவர்களை இங்கிலாந்தில் அப்போதிக்கரி என்றார்கள். அவர்களுடைய வாய்ப்பாடு இது: 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள், 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. ஆக ஒரு பவுண்டுக்கு 5,760 கிரெயின்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். அலகு மாற்றும் நிரலில் எங்கள் வழக்கம், எல்லாவற்றையும் முதலில் ஒரே அடிப்படை அலகுக்குக் கொண்டுவந்துவிடுவது. இங்கே அந்த அடிப்படை கிரெயின்தான். 1959இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் பவுண்டின் அளவை ஒப்பந்தம் போட்டு நிர்ணயித்தன. அதன்படி ஒரு கிரெயின் மிகச்சரியாக 64.79891 மில்லிகிராம்.

இனி அணு வரைக்கும் போய்ப் பார்க்கலாமா? அணுக்களின் எடைக்கு 'டால்டன்' என்ற அலகு இருக்கிறது. கார்பன்-12 அணு ஒன்றின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு அது. கிரெயினை டால்டனால் வகுத்தால் சுமார் 39-க்குப் பின்னால் 21 பூஜ்யம் வரும். ஒரு ஆஸ்பிரின் மூலக்கூறின் எடை ஏறக்குறைய 180 டால்டன். அப்படியானால் 81 மில்லிகிராமில் சுமார் 27-க்குப் பின்னால் 19 பூஜ்யம் போட்ட அளவு மூலக்கூறுகள் இருக்கும். உலகத்தில் உள்ள எல்லோருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 3,000 கோடிக்கு மேல் கிடைக்கும்! பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க நல்ல கணக்கு.

இந்தக் கணக்கில் அணுவின் பக்கம் எந்தக் குழப்பமும் இல்லை. டால்டன் என்றால் ஒரே ஒரு டால்டன்தான். குழப்பமெல்லாம் மனுஷங்க பேர் வைத்த பக்கத்தில். அப்போதிக்கரி அவுன்ஸ் 31.1 கிராம், தங்கம் விலை சொல்லும் அவுன்ஸும் அதேதான். ஆனால் மளிகைக்கடை அவுன்ஸ் 28.35 கிராம். அப்போதிக்கரி டிராம் 3.89 கிராம், சாதாரண டிராம் 1.77 கிராம்தான், பாதிகூட இல்லை. இந்த எல்லா முறைகளிலும் மாறாமல் இருப்பது கிரெயின் மட்டுமே. அதனால்தான் அதை அடிப்படையாக எடுத்தேன்.

ஆனால் கிரெயினிலும் ஒரு ஆபத்து உண்டு. அதன் சுருக்கெழுத்து 'ஜி.ஆர்.', கிராமுக்கு வெறும் 'ஜி'. கையெழுத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் மருந்து 15 மடங்குக்கு மேல் ஏறிவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டால் அமெரிக்காவில் இன்றும் 16.2, 32.4, 64.8 மில்லிகிராம் மாத்திரைகளாக வருகிறது. கால், அரை, ஒரு கிரெயின். அரை கிரெயினை அரை கிராம் என்று படித்தால் 32.4 இருக்கவேண்டிய இடத்தில் 500 மில்லிகிராம்! உயிருக்கே ஆபத்து. இதனால்தான் பழைய அலகுகளை மருந்துச்சீட்டில் எழுதாதீர்கள் என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன.

தைராய்டுக்கு விலங்குச் சுரப்பியிலிருந்து செய்யும் மாத்திரைகளில் இன்றும் கிரெயின் பேச்சு உண்டு. அதில் ஒரு கிரெயினை 60 மில்லிகிராம் என்று வைத்த கம்பெனியும் உண்டு, 65 என்று வைத்த கம்பெனியும் உண்டு.

ஆகவே, பெற்றோர் வரும்போது அவர்களுடைய மருந்துப் பட்டியலை, மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டிலோ டப்பாவிலோ 'கிரெயின்' என்று கண்டால் "மில்லிகிராமில் எவ்வளவு?" என்று மருந்தாளுநரிடம் கேட்டு, அந்த எண்ணையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 75, 81 இரண்டுமே குறைந்த அளவு ஆஸ்பிரின் என்ற வகையில் வருபவைதான். இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுக்கலாமா என்பதை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.