வெள்ளைக் கல்லின் சாட்சி

கற்காலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் காலத்தை ஆராய்கின்ற அளவுக்குக் கல்லை ஆராய்வதில்லை. அது எந்தக் கல் என்று கேட்பவர் மிகச் சிலரே. இலங்கையின் ஆதிமனிதன் வரலாற்றில் இடம்பெற நெடுநாள் காத்திருந்தமைக்கு, இக்கேள்வியின்மையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஐரோப்பாவிலே கற்கருவி ஆராய்ச்சி தீக்கல்லை அளவுகோலாகக் கொண்டு வளர்ந்தது. தீக்கல்லை அடித்தால் சிப்பியின் உட்புறம் போன்ற வளைவோடு சில்லுப் பெயரும். அடி விழுந்த இடத்தின் கீழே சிறு குமிழ் புடைத்து நிற்கும். மனிதக் கை பட்டதற்கு இவையே அடையாளங்கள். இலங்கையின் ஆதிமனிதனோ பெரும்பாலும் குவாட்சு என்னும் வெண்படிகக் கல்லையே எடுத்தாண்டான். அக்கல்லின் உள்ளே நுண்ணிய வெடிப்புகள் மலிந்திருப்பதால், அடிப்பவன் எண்ணியபடி அது பிளவுபடுவதில்லை. ஆகவே, தானாக நொறுங்கிய துண்டையும் மனிதன் உடைத்த சில்லையும் பிரித்தறிதல் பழகிய கண்ணுக்கும் அரிதாகும்.

கிறீன், போல் என்னும் இருவர் 1885ஆம் ஆண்டளவில் மலைநாட்டிற் கற்கருவிகள் கிடைத்தன என்று கூறியபோது, அறிஞர் பலர் ஐயுற்றனர். 1907இல் சுவிற்சர்லாந்து அறிஞரான போல் சரசின், பிரிற்ஸ் சரசின் ஆகியோர் நில்கல குகையிற் குவாட்சுக் கருவிகளைக் கண்டெடுத்த பின்னரே அவ்வையம் நீங்கத் தொடங்கியது. கல் மாறவில்லை, காணும் கண்ணே மாறியது.

அந்தக் கண்ணை நம் மாணவரும் பெறலாம். கொட்டாஞ்சேனையிலே கட்டட வேலை நடைபெறும் இடங்களிற் குவிந்துள்ள கருங்கல்லை உற்றுநோக்குமாறு நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. அதனூடே வெண்ணிறப் பகுதிகள் தென்படும். தட்டையான பளபளப்புத் தளங்களாக உடைவது பெல்சுபார். அத்தகைய தளமின்றி, கண்ணாடி போன்ற மினுக்கத்தோடு ஒழுங்கற்று உடைவது குவாட்சு. குவாட்சு கண்ணாடியைக் கீறும். கத்தியால் அதைக் கீற இயலாது. இருட்டறையில் இரு துண்டுகளை உரசினால் மங்கிய ஒளி தோன்றும். சுண்ணாம்புக் கல்லோ கத்திக்கு இடங்கொடுக்கும். அமிலம் பட்டால் நுரைக்கும்.

குவாட்சோடு சேர்ட்டு என்னும் கல்லும் நம் தீவிற் பயன்பட்டது. இது பளிங்குபோல் ஒளிராது, மெழுகுபோல் மங்கித் தோன்றும். மணி மிக நுண்ணியதாதலால் சீராகச் சில்லுப் பெயரும். குவாட்சு எங்கும் மலிந்தது. சேர்ட்டு சில இடங்களுக்கே உரியது. ஆதலால் ஒரு குகையிற் கிடைத்த சேர்ட்டு எங்கிருந்து வந்தது என ஆராய்ந்தால், அதை எடுத்து வந்தவன் நடந்த வழியும் ஓரளவு புலனாகும்.

கடலுக்கு அப்பாலும் இதே பாடம் உண்டு. 1863இல் புரூஸ் பூட் பல்லாவரத்திற் கண்டெடுத்த கைக்கோடரி குவாட்சைற்று என்னும் வலிய பாறையாலானது. தெற்கே திருநெல்வேலிச் சீமையின் செந்நிறத் தேரி மணலிற் கிடைத்தவையோ குவாட்சிலும் சேர்ட்டிலும் செய்யப்பட்ட சிறு கருவிகள். அவற்றைப் பற்றி சோய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் எழுதினர். ஆல்ச்சின் 1958இல் இலங்கையின் கற்காலத்தையும் ஆராய்ந்து எழுதினார். எந்தக் கருவி என்பதை மனிதனின் தேவை மட்டுமன்று, நிலம் தந்த கல்லும் தீர்மானித்தது.

குவாட்சைக் கொண்டு உருவாக்கியவன் திறமை குறைந்தவன் என்று எண்ணுதல் தவறு. அடைகல்லின்மேல் வைத்து மேலிருந்து அடித்து, இணங்காத கல்லையும் அவன் இணங்கச் செய்தான். களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையின் சிறு கருவிகள் ஏறத்தாழ 48,000 முதல் 45,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2019இல் வெளியான ஆய்வு கூறுகிறது. குரங்கையும் அணிலையும் வேட்டையாடி மழைக்காட்டிலே வாழ்ந்த அம்மக்களுக்கு, அச்சிறு கற்களே போதிய படைக்கலமாயின.

இத்தகைய கல்லைக் காணும் ஆசிரியரும் மாணவரும் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதே அதன் சாட்சியம். பெயர்த்தெடுத்த கல் ஊமையாகிவிடும். இருந்த இடத்திலேயே விட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறை. கண்ணைப் பழக்குவதற்குக் கொழும்பு நூதனசாலைக் கண்ணாடிப் பேழைகள் உள்ளன. பிறநாட்டுத் தீக்கல்லின் அளவுகோலை வைத்துவிட்டு, நம் நிலத்துக் கல்லை அதன் இயல்பறிந்து நோக்குவோமாயின், காலடியிற் கிடக்கும் வெள்ளைக் கல்லும் நம்மோடு பேசும்.